கவுண்டர் முன்னால் முதல் நிமிஷம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், அரசாங்க ஆபீஸில் வாங்கும் பல பாரங்களில் (படிவங்களில்) ‘பங்சா’, ‘வார்கநெகாரா’ என்ற இரண்டு கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று இனம், மற்றது குடியுரிமை. இனத்துக்கு ‘இந்தியா’ என்று எழுதிய கை, அதே வேகத்தில் அடுத்த கட்டத்திலும் ‘இந்தியா’ என்று எழுதிவிடும். எல்பில் தோட்டத்திலும் கமுனிங் தோட்டத்திலும் மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த குடும்பத்து ஆள், ஒரே வரியில் வெளிநாட்டுப் பிரஜை ஆகிவிடுகிறார்.

எழுதிய கையோடு கண்ணில் பட்டால் இதற்கு ஆகும் செலவு ஒரு புதுப் பாரம், அவ்வளவுதான். கவுண்டரில் அதிகாரி கண்டுபிடித்தால் ஒரு சிரிப்பு, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு. யாருமே கவனிக்காமல் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால்தான் வினை. அப்புறம் அதைத் திருத்த வேறொரு பாரம், நகல்கள், சத்தியப் பத்திரம், லீவு போட்டு இரண்டு மூன்று நடை. தவறு ஒன்றுதான், எந்த நேரத்தில் வாயைத் திறந்தோம் என்பதில்தான் விலை மாறுகிறது. அந்த நேரத்தில் வாயைத் திறக்கவிடாமல் பிடித்து வைப்பது ‘முட்டாள்னு நினைச்சிடுவாங்களோ’ என்ற கூச்சம். பாரத்தில் ஆரம்பித்து பெட்ரோல் பம்ப், கிளினிக், பேங்க் என்று பார்த்துக்கொண்டே போனால், எல்லா இடத்திலும் இதே கதைதான்.

பாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் அதில்தான் அதிகம். ஐசி, அதாவது அடையாளக் கார்டு, அதன் நம்பரின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிதான். ஆனால் வரிசை வருடம், மாதம், நாள். பாரத்துக் கட்டம் கேட்பதோ நாள், மாதம், வருடம். ஐசியைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தால் 2008 மே 12-ல் பிறந்த பிள்ளை 08/05/12 ஆகி, எட்டாம் தேதி மே மாதம் 2012-ல் பிறந்ததாகிவிடும். நான்கு வயது குறைந்துபோனதை யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அதுவும் ஒரு சரியான தேதிதான். 31-க்கு மேற்பட்ட எண் நாள் கட்டத்தில் விழுந்தால் கம்ப்யூட்டரே கத்தும்; விழாவிட்டால் சும்மா இருக்கும்.

‘போதோங் மானா யாங் திடாக் பெர்கெனாஆன்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பொருந்தாததை அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சரியான விடையில் கோடு போட்டுப் பழகிய கை, பொருந்துவதையே அடித்துவிடும். கல்யாணம் ஆனவர் ஆகாதவராகிவிடுவார். ‘வாரிஸ்’ என்ற கட்டத்தில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். அங்கே தன் பெயரையே எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதற்கடுத்த ‘ஹுபுங்கான்’ (உறவு) கட்டம் அதைவிடக் குழப்பம். அம்மாவுக்காக மகன் பாரம் நிரப்பும்போது ‘இபு’ (அம்மா) என்று எழுதுவதா, ‘அனாக்’ (பிள்ளை) என்று எழுதுவதா? அந்த வாரிஸ் அம்மாவுக்கு என்ன உறவு என்பதுதான் கேள்வி என்றால் பதில் ‘அனாக்’. பாரத்துக்குப் பாரம் கேட்கும் விதம் மாறும் என்பதால் இந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுக் கவுண்டரில் கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ‘யு’ எழுத்து, அஞ்சல் குறியீடு 31100. அந்த ‘யு’ அலங்காரத்துக்கு இல்லை. ‘உத்தாரா’, வடக்கு. பேராக்கிலேயே தெற்கில் இன்னொரு சுங்கை சிப்புட் இருக்கிறது.

தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை மட்டும் பூச வேண்டாம். அதற்கடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே பல இடங்களில் அந்தத் தாளை வாங்க மாட்டார்கள். பழைய எழுத்து படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. பேனா கறுப்பு. ஐசி நகல் கேட்டால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் வரும்படி எடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, கோடுகளுக்கு நடுவே ‘உந்துக் கெகுனாஆன்’ (பயன்பாட்டுக்கு) என்று தொடங்கி எந்த விண்ணப்பத்துக்கு என்று எழுதி, ‘சஹாஜா’ (மட்டும்) என்று முடிக்கலாம். அந்த நகல் வேறு கைக்குப் போனாலும் வேறு காரியத்துக்கு உதவாது. கோடு முகத்தையும் நம்பரையும் மறைக்கக் கூடாது, மறைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பெயர் விஷயம் தனி. பழைய தோட்டங்களில் பிறப்பைப் பதிய உதவியவர் ஆபீஸ் கிராணி (குமாஸ்தா). அப்பா சொல்ல, அவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். லெட்சுமி என்ற ஒரே பெயரை நடுவில் ‘டி-சி-எச்’ போட்டும் ‘கே-எஸ்-எச்’ போட்டும், கடைசியில் ‘ஐ’ போட்டும் ‘ஒய்’ போட்டும் எழுதலாம். அண்ணன் தம்பி இருவர் ஐசியிலும் அப்பா பெயர் வேறு வேறு எழுத்தில் இருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் தேடாமலே கிடைக்கும். எழுதியது சரியா என்று அன்றைக்குத் திருப்பிக் கேட்க அந்த அப்பாவுக்கு இடமில்லை. ஆபீஸ் வராந்தாவில் நின்று ‘சரிங்கய்யா’ சொல்லிப் பழகிய தலைமுறை அது. அந்தப் பழக்கம் இன்றைக்கும் நம்மிடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

ஊழியர் சேமநிதிப் பணம், நில மாற்றம், கல்யாணப் பதிவு இவற்றில்தான் இந்த எழுத்து வித்தியாசம் தலைதூக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று ‘அக்குவான் பெர்கானுன்’ எழுதி, ‘பெசுருஜாயா சும்பா’ (சத்தியப் பிரமாண ஆணையர்) முன் கையெழுத்திடச் சொல்வார்கள். 1960-ஆம் ஆண்டு சட்டப்படியான சத்தியப் பத்திரம் அது. இரண்டு எழுத்து வடிவத்தையும் ஐசியில், பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி, ஓர் இடைவெளி கூட மாறாமல் எழுத வேண்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது; அந்த ஆள் முன்னால்தான் போட வேண்டும். புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு வேண்டுகோள்: தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், பிள்ளை பெயர், அப்பா அம்மா பெயர், ஐசி நம்பர்கள், குடியுரிமை என்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் பத்து பேர் நிற்கட்டும்.

அதே கவுண்டரில் கட்டைவிரல் வைக்கும் கருவியும் இருக்கும். பால்மரம் வெட்டியவர்கள், சிமெண்டு குழைத்தவர்கள், வயதானவர்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். முதல் தடவை சிவப்பு விளக்கு எரியும். இரண்டாவது தடவை இன்னும் பலமாக அழுத்துவார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. அழுத்த அழுத்த ரேகை மேடுகள் தட்டையாகிப் பள்ளத்தோடு சேர்ந்துவிடும், கருவிக்கு ஒன்றும் தெரியாது. விரல் காய்ந்திருந்தால் நெற்றியில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு, வியர்த்திருந்தால் துடைத்துக்கொண்டு, நுனியை விட்டுவிட்டு விரலின் நடுச் சதையை மெதுவாக வைத்து, சத்தம் வரும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். வலது கட்டைவிரல் ஒத்துவரவில்லை என்றால் இடதைக் கேளுங்கள். மைகாட் (இன்றைய ஐசி) சிப்பில் இரண்டு கட்டைவிரலும் பதிவாகியிருக்கிறது. மூன்று முறை சிவப்பு எரிந்ததற்காகக் கூசிப்போய் ‘நாளைக்கு வரேன்’ என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அவர்கள் மேல் இல்லை. ‘அந்த விரலை வையுங்க’ என்று சொல்லாத ஆள் மேல்.

பின்னால் நிற்கிறவர்கள் உண்மையில் எவ்வளவு கவனிக்கிறார்கள்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். பாடகர் பாரி மேனிலோ படம் போட்ட சட்டையை, போட்டால் வெட்கமாக இருக்கும் என்பதற்காகவே, ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சட்டையில் யார் என்று கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் கணக்குப் போட்டார். கவனித்தவர்கள் கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து ஆறுதல் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. இங்கே வரிசையில் பின்னால் நிற்பவர் ஒன்றுவிட்ட சித்தி, அவருக்குப் பின்னால் கோயில் கமிட்டிக்காரர். கவனிக்கத்தான் செய்வார்கள். ‘அவரு மவ பாவம், பாரத்தைத் தப்பா எழுதிட்டு நின்னா’ என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் பசார் வரைக்கும் போகும். போகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வேறொரு பேச்சு வந்துவிடும். ஐசியில் தப்பாக ஏறிய எழுத்து அப்படிப் போகாது.

இன்னொரு வித்தியாசமும் தெரிந்துகொள்ள வேண்டியது. மனிதத் தவறுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், தெரிந்தும் கை தவறுவதையும் தெரியாமலே தப்பான முடிவெடுப்பதையும் தனித்தனியாகப் பிரித்தார். முதல் வகை, பழகியவர்களுக்குத்தான் அதிகம் வரும், ஏனென்றால் பழகிய வேலையில் கை தானாக ஓடும், புத்தி வேறெங்கோ இருக்கும். ஜனவரியில் போன வருடத்தை எழுதுவது, பிறந்த தேதிக் கட்டத்தில் இன்றைய தேதியைப் போடுவது எல்லாம் இந்த வகை. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மிஷினில் கார்டை மறந்துவிட்டு வருவதும் அதுதான். வந்த காரியம் பணம். பணம் கைக்கு வந்ததும் மூளை ‘முடிந்தது’ என்று கதவைச் சாத்திவிடும், கார்டு உள்ளேயே நிற்கும். அதனால்தான் பேங்க் மிஷின்களில் கார்டை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு கொடுக்கும்படி மாற்றினார்கள். பெட்ரோல் நிலையத்தில் இப்போது அதே தொல்லை ஐசிக்கு வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 30 முதல் லைசென்ஸ் உள்ள குடிமக்கள் எல்லோருக்கும் தொடங்கிய புடி95 திட்டத்தில், மாத வரம்புக்குள் மானிய விலையில் ரோன்95 பெட்ரோல் போட, பலரும் மைகாட்டைக் கவுண்டரிலோ பம்பிலோ செருகிக் காட்டுகிறார்கள். எண்ணெய் போட்டதும் காரியம் முடிந்துவிடுகிறது, ஐசி அங்கேயே கிடக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம், நினைவுதான் இங்கே ஏமாற்றுகிறது. பர்ஸை மூடாமல் இடது கையிலேயே பிடித்திருங்கள். திறந்த பர்ஸோடு மோட்டார் ஓட்ட முடியாது.

பம்பில் இன்னும் சில உண்டு. கவுண்டரில் பணம் கட்டும்போது பம்ப் நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டால், உங்கள் 30 வெள்ளி (ரிங்கிட்) பக்கத்துக் காடிக்குப் போகும். அங்கே இன்னும் நோசலைத் தூக்கவில்லை என்றால் காசாளர் மாற்றிக் கொடுத்துவிடுவார். தூக்கி ஓட ஆரம்பித்துவிட்டால் கஷ்டம். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய விஷயம் இது, அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நின்று யோசிக்கிற விஷயம் இல்லை. பம்பிலேயே டெபிட் கார்டு செருகினால் முதலில் 200 வெள்ளியை வங்கி பிடித்து வைக்கும். போட்டது 40-தான் என்றாலும் மிச்சம் திரும்ப சில நாள் ஆகலாம். சம்பளத்துக்கு முந்தின வாரம் இதில் மாட்டினால் வீட்டுச் சாமான் வாங்கவே காசு இருக்காது. உள்ளே போய் ‘பம்ப் எம்பாட், தீகா புலூ’ (நாலாம் பம்ப், முப்பது) என்று சொல்லிக் கட்டினால் இந்த வம்பே இல்லை. எண்ணெய் மூடி எந்தப் பக்கம் என்று மறந்துபோனால் டாஷ்போர்டில் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், அது காட்டும் பக்கம்தான்.

பெரிய தவறு, டீசல் வண்டியில் பெட்ரோல். தோட்டத்து ஹைலக்ஸை இரவல் வாங்கி ஓட்டும் நாளில்தான் இது நடக்கும். டீசல் நோசல் தடிமன் என்பதால் பெட்ரோல் காடியில் எளிதில் நுழையாது. பெட்ரோல் நோசல் மெல்லிசு, டீசல் தொட்டியில் தாராளமாக இறங்கும். பாதியில் தெரிந்தால் நிறுத்துங்கள். சாவியைத் தொடாதீர்கள், ‘ஆன்’ வரைக்கும் திருப்புவதும் கூடாது. பல வண்டிகளில் அந்தத் திருப்பிலேயே பம்ப் ஓடி எண்ணெயை இழுக்கும். டீசல் தன் பிசுக்காலேயே உயர் அழுத்த பம்பின் இரும்புக்கு வழவழப்புக் கொடுக்கிறது. பெட்ரோல் அதைக் கழுவிவிடும், இரும்பும் இரும்பும் உரசும், அரத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். எஞ்சின் ஓடாதவரை தொட்டியைக் காலி பண்ணினால் போதும். ஓடிவிட்டால் ஃபில்டர், குழாய், பம்ப், இன்ஜெக்டர் என்று பில் நீளும். நடுவில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: ‘பாங், சாயா சாலா இசி மிஞாக்’ (அண்ணே, எண்ணெய் மாத்திப் போட்டுட்டேன்). அதைச் சொல்லி, நியூட்ரலில் போட்டு, நாலு பேர் தள்ளி ஓரம் கட்ட வேண்டும். நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து ‘கொஞ்ச தூரம்தானே, வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்’ என்று கிளப்புகிறவர்கள்தான் ஒர்க்‌ஷாப்பில் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள்.

டோலில் சொல்ல அதிகம் இல்லை. குவாலா கங்சாரில் ஏறும்போது தொட்ட கார்டையே இறங்கும்போதும் தொட வேண்டும். பர்ஸில் இரண்டு கார்டு இருந்தால் ஒன்றை வெளியே எடுத்துத் தொடுங்கள். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படிக்கும் ஆர்எஃப்ஐடி பாதையில் தெரியாமல் நுழைந்துவிட்டால் ரிவர்ஸ் மட்டும் எடுக்க வேண்டாம். ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு உதவிப் பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார். பின்னால் அடிக்கும் ஹார்ன் யாரையும் கொன்றதில்லை, ரிவர்ஸ் கொல்லும்.

கிளினிக்கில் பேசாமல் இருப்பதற்கு விலை பணத்தில் இல்லை.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்த பழக்கத்தில் சர்க்கரை போட்டு ஒரு கிளாஸ் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டார். ‘சுடா புவாசா?’ (வெறும் வயிறுதானே?) என்று நர்ஸ் கேட்டதும் ‘சுடா’ (ஆமாம்) என்று தலை ஆடுகிறது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவின் அளவு. தே ஓ அந்த எண்ணைத் தூக்கிவிடும், அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டுவார். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறொரு நாள் வரச் சொல்லியிருப்பார்கள், கொஞ்சம் கடிந்திருப்பார்கள். எதிர்ப் பக்கமும் நடக்கிறது. மூன்று மாதம் இஷ்டத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண் காட்டப் பார்ப்பார்கள். எச்பிஏ1சி பரிசோதனை இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுவதால் அந்தப் பட்டினி அங்கே எடுபடாது. அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறும் தேவையில்லை.

இதைவிட ஆபத்து, மாத்திரையை விட்டதை மறைப்பது. ரத்த அழுத்த மாத்திரை போட்டால் கால் வீங்குகிறது என்று ஒரு மாதமாக நிறுத்திவிட்டிருப்பார். ‘மாக்கான் உபாட்?’ (மருந்து சாப்பிடுறீங்களா?) என்றால் ‘மாக்கான்’ (சாப்பிடுறேன்). டாக்டருக்குத் தெரிவது ஒன்றுதான்: மருந்து சாப்பிட்டும் அழுத்தம் ஏறியிருக்கிறது. இரண்டாவது மாத்திரையைச் சேர்க்கிறார். வீட்டுக்கு வந்து மகள் இரண்டையும் ஒழுங்காகக் கொடுக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றி விழுகிறார். கால் வீக்கத்தைச் சொல்லியிருந்தால் மருந்தையே மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளுக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான், டாக்டருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சொல்ல வாய் வராதவர்கள், மிச்சம் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மேசையில் வைத்துவிடலாம். அட்டை பேசும்.

மருந்துக் கவுண்டரில் ‘பஹாம்?’ (புரிஞ்சுதா?) என்பார்கள். இதற்கு ‘பஹாம்’ என்பதைத் தவிர வேறு பதிலே நமக்கு வராது. தலையாட்டுவதற்குப் பதிலாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: ‘ஜாடி, இனி பாகி சத்து, மாலாம் சத்து, லெப்பாஸ் மாக்கான்?’ (அப்போ இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகா?) தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். புரியாவிட்டால் ‘மிந்தா உலாங் சகாலி லாகி, பெர்லாஹான் சிகித்’ (இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க) போதும். நம் பசார் மலாய் இலக்கண சுத்தமாக இருக்காதுதான். ‘என்சிக்’ (ஐயா), ‘புவான்’ (அம்மா), வயது பார்த்து ‘காக்’ (அக்கா), ‘பாங்’ (அண்ணன்) என்று மரியாதையோடு ஆரம்பித்தால் மிச்சத்தை அவர்கள் சரிபண்ணிக்கொள்வார்கள். ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவதும் கூடாது. காய்ச்சலுக்கு பனடோல் போட்டுவிட்டு, மேலே சளி மாத்திரையும் போடுகிறவர்கள் அட்டையில் ‘பாராசெட்டமோல்’ என்று இரண்டிலும் இருக்கிறதா பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. அதற்கு மேல் ஈரலைக் கெடுக்கும்.

போனில் பணம் அனுப்புவதில் நடக்கும் கூத்து வேறு ரகம். சில செயலிகளில் தொகை காசுப் பக்கத்திலிருந்து நிரம்பும். 12 வெள்ளிக்கு ‘12’ என்று தட்டினால் 12 காசு போகும். ‘1200’ தட்ட வேண்டும். அதில் பழகியவர், புள்ளி வைக்க வேண்டிய இன்னொரு செயலியில் அதேபோல ‘1200’ தட்டினால் மீ கோரேங் கடைக்கு ஆயிரத்து இருநூறு வெள்ளி. வங்கிகளுக்கிடையே உடனே பணம் அனுப்பும் டுவிட்நவ் வழியாக அனுப்பும்போது உறுதி செய்வதற்கு முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தால் பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

தவறான கணக்குக்குப் போய்விட்டால், வெட்கத்தோடு ஒரு வாரம் பொத்தி வைக்காமல் அன்றைக்கே உங்கள் வங்கிக்குச் சொல்லி, பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். பத்து வேலை நாளுக்குள் புகார் கொடுத்து, தவறாகத்தான் போனது என்று பெற்றவரின் வங்கிக்கு உறுதியானால், பணம் அந்தக் கணக்கில் இருக்கும்பட்சத்தில் எளிதாகத் திரும்பும். அதற்குப் பிறகு ஏழு மாதம் வரை நடைமுறை நீளும். ஏழு மாதம் தாண்டிவிட்டால் பெற்றவர் சம்மதித்தால்தான். மோசடி என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, மணிக்கணக்குதான். மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைக்க வேண்டும், வங்கியின் அவசர எண்ணையும் அழைக்க வேண்டும், செயலியில் கணக்கை முடக்கும் ‘கில் சுவிட்ச்’ இருக்கும், அதை அழுத்த வேண்டும். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அதற்குள் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

கவுண்டர் இல்லாத இடத்திலும் இந்தப் பயம் உண்டு. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு 51, 101 என்று ஒற்றைப்படையில் மொய் எழுதுவோம். சீனர் கல்யாணத்தில் அங்பாவ் இரட்டைப்படை, ஆனால் 4 கூடாது, அது அவர்கள் காதில் சாவு. அவர்கள் சாவு வீட்டில் வெள்ளை உறை, ஒற்றைப்படை, சிவப்புச் சட்டை கூடாது. நம் கல்யாணக் கணக்கும் அவர்கள் சாவுக் கணக்கும் ஒன்றாக இருப்பதால் குழம்பாதவர் குறைவு. நம் சாவு வீட்டிலேயே ‘போய்ட்டு வரேன்’ சொல்லக் கூடாது என்று தெரியாத பிள்ளைகள் இப்போது நிறைய. சொல்லிவிட்டால் யாரும் அடிக்கப் போவதில்லை. வயதான அத்தை ஒருத்தி கையைப் பிடித்து ‘அப்படிச் சொல்லாத கண்ணு, சும்மா கிளம்பு’ என்பாள். முன்கூட்டியே பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போகிறவர்களை யாரும் கேலி செய்து பார்த்ததில்லை. கேட்டால் அரை மணி நேரம் உட்கார வைத்து, பசியாற வைத்து, மூன்று தலைமுறைச் சடங்கையும் சொல்லி அனுப்புவார்கள்.

கூட நிற்கிற பேரப்பிள்ளைக்கும் ஒன்று. தாத்தா பாரத்தில் தப்பாக எழுதினால் பேனாவைப் பிடுங்கக் கூடாது, ‘அதான் அப்பவே சொன்னேன்ல’ என்று கவுண்டர் முன்னால் குரலை உயர்த்தவும் கூடாது. அவர் அடுத்த தடவை உங்களைக் கூப்பிடவே மாட்டார், தனியாகப் போய்த் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். ‘நாலாவது கட்டம் பாருங்க தாத்தா’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவர் அடித்து எழுதும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருங்கள். பாரம் வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்றில் வீட்டில் பென்சிலால் எழுதிப் பார்க்கலாம்.